திங்க்பேட் எக்ஸ்220 எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட்டுக்கு எது வாங்கலாம்? யுஎஸ்பி 3.0 கார்டா, இசாட்டா கார்டா?

பழசுப்பிரியன்:
வணக்கம் மக்களே, என்கிட்ட எக்ஸ்220 லேப்டாப், ஐ5 மாடல் இருக்கு, ஐ7ல மட்டும்தான் ஒரே ஒரு 3.0 போர்ட் குடுத்தான், நம்ம மெஷின்ல எல்லாமே 2.0தான். கல்யாண வீடியோ எடிட் பண்றதால 500 ஜிபி காப்பி போட்டா நாலு மணி நேரம் இழுக்குது. மெஷின் நல்லாத்தான் ஓடுது, அந்த கீபோர்டுக்காகவே மாத்த மனசு வரல. சைடுல எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட் (கூடுதல் போர்ட் வேணும்னா கார்டு சொருகற இடம்) சும்மா கிடக்கேன்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சேன், ஒரு கடைல யுஎஸ்பி 3.0 கார்டு இருக்குங்கறார், பக்கத்து கடைல அதெல்லாம் வேணாம் இசாட்டா (வெளி டிஸ்க்க யுஎஸ்பி இல்லாம நேரா சாட்டாலயே சொருகற போர்ட்) வாங்குங்கறார். இருக்கறது ரெண்டு 2.5 இன்ச் யுஎஸ்பி 3.0 போர்ட்டபிள் டிரைவ், தனி அடாப்டரோட ஒரு 3.5 இன்ச் டிரைவ் (இதுல ரெண்டு கனெக்‌ஷனும் உண்டு). விண்டோஸ் 7, அப்பப்ப உபுண்டு.

டிஸ்க்_மணி:
கடைக்காரர் சொன்னது சரிதான் ப்ரோ, இசாட்டா எடுங்க. நடுவுல யுஎஸ்பியா மாத்தற சிப்பே கிடையாது, டிஸ்க் என்ன வேகத்துல படிக்குதோ அப்படியே வரும்.

நெல்லைத்தம்பி:
மணி அண்ணே, 3.5க்கு நீங்க சொல்றது ஓகே, ஆனா அவரோட போர்ட்டபிள் ரெண்டையும் எங்க சொருகறது? அதுல யுஎஸ்பி மட்டும்தானே இருக்கும். சாதா இசாட்டா கேபிள்ல கரண்டும் வராது.

யுஎஸ்பி 3.0ஏ எடுங்க, ஆனா ஒண்ணு கவனிங்க, இங்க பிரச்சனை வேகம் இல்ல, பவர். அந்த ஸ்லாட் குடுக்கறது 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும்தான், 5 வோல்ட் லைனே கிடையாது, கார்டுதான் 3.3ஐ ஏத்தி 5 ஆக்கணும். 3.3ல கிடைக்கறது ஒரு ஆம்பியர் சுமார், அதாவது மூணு வாட்டும் கொஞ்சமும். யுஎஸ்பி 3.0 போர்ட் ஒண்ணுக்கே 900 மில்லி ஆம்பியர்னு கணக்கு, அது 4.5 வாட். அதனால டிரைவ் சுத்த ஆரம்பிக்கும்போது டிக் டிக்குன்னு சத்தம் போட்டுட்டு அப்படியே காணாம போயிடும், நம்ம டிரைவ் செத்துப்போச்சுன்னு பதறுவோம். பக்கத்துல சின்னதா டிசி பின் ஓட்டை இருக்கற கார்டா பாருங்க, கூட வர்ற கேபிளோட மறுமுனைய லேப்டாப்போட 2.0 போர்ட்ல குத்தினா ஒரு டிரைவ் நிம்மதியா ஓடும் (அந்த கேபிள கடைல கேட்டு வாங்குங்க, பாதி நேரம் பெட்டிலயே இருக்காது). ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும்னா அடாப்டர் வச்ச ஹப்தான்.

கோவை_லினக்ஸ்:
இன்னொண்ணு. எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் லைனும் வருது (3.0 வேகம் வேணும்னா இதுதான்), யுஎஸ்பி 2.0 லைனும் வருது. சில மலிவு கார்டு அந்த 2.0வ மட்டும் வெளிய இழுத்து விட்டுட்டு நீல கலர் பிளாஸ்டிக் வச்சு வித்துடுவான், கலர பாத்து ஏமாறாதீங்க. லேப்டாப்ப கடைக்கே தூக்கிட்டு போய், உபுண்டுல கார்டையும் டிரைவையும் சொருகி எல்எஸ்யுஎஸ்பி -டி (lsusb -t, சொருகினது என்ன வேகத்துல ஓடுதுன்னு காட்டற கமாண்ட்) அடிங்க, டிரைவ் நேரா 5000எம்னு (3.0 வேகம்) வந்தா காசு குடுங்க, 480எம்னு (2.0 வேகம்) வந்தா வணக்கம் சொல்லிட்டு கிளம்புங்க. ரெனிசாஸ் இல்லனா ஏஎஸ்மீடியா சிப்னா நல்லது. விண்டோஸ் 7க்கு 3.0 டிரைவர் தனியா போடணும், 8லேர்ந்துதான் கூடவே வருது. எக்ஸ்220 ஸ்லாட் 54 மிமீ அகலம், கார்டு பெரும்பாலும் 34, அதனால சைடுல ஆடும், காப்பி ஓடும்போது கேபிள் தட்டிடாம பாத்துக்கங்க.

பழசுப்பிரியன்:
செம, நன்றி. அப்ப டிசி பின் உள்ள 3.0 கார்டு. இதுல விண்டோஸ் பூட் பண்ண முடியுமா?

கோவை_லினக்ஸ்:
முடியாதுன்னே வச்சுக்கங்க, பயாஸுக்கு (மெஷின் ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற புரோகிராம்) அந்த கார்டு தெரியாது. பூட்டுக்கு பழைய 2.0 போர்ட்தான்.

நெல்லைத்தம்பி:
சனிக்கிழமையே போயிடுங்க, ஞாயிறு அங்க பாதி கடை பூட்டியிருக்கும்.