கோரைக்குள் கண்ட குட்டி ஊசித்தட்டான்

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வயலை ஒட்டி ஒரு குட்டை இருக்கிறது. சென்ற மார்கழியில் ஒரு காலை, சம்பா கதிர் வாங்கியிருந்த நேரம், நீர்க்கோழியைப் படம் எடுக்க எண்ணி அதன் கரையில் கோரைகளுக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் புல்லின் நுனி ஒன்று தானாகவே இடம் மாறியதுபோல் தோன்ற, உற்றுப் பார்த்த பிறகுதான் அது புல்லன்று, ஊசித்தட்டான் என்று விளங்கியது. மூன்று அரிசியை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ, தலை முதல் வால் வரை அதன் உடல் அவ்வளவுதான். மார்பில் கறுப்பும் இளம்பச்சையுமாகக் கோடுகள். வால் நுனி மட்டும் செங்கல் நிறம். பெரிய தட்டான்களைப்போல் இறக்கைகளை விரித்து வைக்காமல் முதுகின்மேல் ஒன்றுசேர்த்து மடக்கியிருந்தது.

அதன் அறிவியல் பெயர் அக்ரியோக்னெமிஸ் பிக்மேயா. ராம்பர் என்ற பிரெஞ்சு பூச்சியியலாளர் 1842இல் விவரித்த இனம் இது. வரப்பு, வாய்க்கால், சதுப்பு, குட்டை எங்கும் வாழ்ந்தாலும் முழங்காலுக்கு மேலே எழும்பிப் பறப்பது அரிது என்பதால், நின்றபடி பார்க்கிறவர் கண்ணில் எளிதில் படாது. நானும் அந்த வரப்பில் முப்பது ஆண்டுகள் நடந்தவன். உட்கார்ந்த அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் அது கோரைத் தாளிலிருந்து விசுக்கென்று பாய்ந்து, நெல்லிலையில் இருந்த பச்சைத் தத்துப்பூச்சி ஒன்றைக் கால்களால் வாரி எடுத்துக்கொண்டு அதே தாளுக்குத் திரும்பியது. தலையை முதலில் மென்றது. பூச்சியின் இறக்கைகள் ஒவ்வொன்றாக நீரில் விழுந்தன. தத்துப்பூச்சியையும், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியையும் தின்னும் இந்தச் சிற்றுயிரை நெல் வயலின் நன்மை செய்யும் பூச்சிகளுள் ஒன்றாகச் சொல்வது ஏன் என்பதை அந்த இரண்டு நிமிடங்களில் கண்ணாரக் கண்டேன். மருந்து அடித்தால் புகையானோடு இதுவும் சாகும் என்பதை நம் உழவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதே கரையில் உடல் முழுவதும் சிவந்த ஒன்றும் உட்கார்ந்திருந்தது. வேறு இனம் என்றே குறித்து வைத்தேன். பிறகு படங்களை ஒப்பிட்டபோதுதான், இந்த இனத்தின் இளம் பெண் பூச்சி சிவப்பாக இருந்து முதிர முதிரப் பச்சை கலந்த நிறத்துக்கு மாறும் என்று அறிந்தேன். அடுத்த வாரம் முதிர்ந்த பெண் ஒன்று தனியாக வந்து, நீர்மட்டத்தை ஒட்டிய இளந்தண்டில் வாலை வளைத்து, தண்டைக் கீறி முட்டை வைப்பதையும் பார்க்க வாய்த்தது. அதில் பிறக்கும் குஞ்சு நீருக்குள்ளேயே, வால் நுனியில் உள்ள மூன்று இலை போன்ற செவுள்களின் துணையோடு மூச்சுவிட்டு வளரும்; பிறகு ஒரு தண்டைப் பற்றி மேலேறித் தோலுரித்துப் பறக்கும்.

ஆகவே கரையோரப் புல்லும் கோரையும்தான் அதற்கு வீடு. ஊர்க்கோடியிலிருந்த மற்றொரு குட்டையைத் தூர்வாரியவர்கள் சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் நிற்கிறது. தை மாதம் முழுவதும் அங்கே போய் மண்டியிட்டுத் தேடினேன், ஒன்றுகூடத் தென்படவில்லை. எங்கள் வயலோரக் குட்டையின் கோரையை இந்த ஆண்டு அறுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் கேட்டேன். தெற்குக் கரையை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்திருக்கிறார்.