அடுக்களைத் தீக்குப் பின்: எங்கள் குடும்பக் குழுவில்

கல்லிடை அத்தை, காலை 6:40
எல்லாருக்கும் வணக்கம். நேற்று இரவு அடுக்களையில் ஃபிரிட்ஜின் பின்புறம் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். ஆச்சி உட்பட யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பட்டாசல் (கூடம்) வரைக்கும் புகை பரவி, சுவரெல்லாம் கரி படிந்துவிட்டது. இன்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெள்ளிக்கிழமையே வெள்ளையடித்துவிடலாம் என்று பெயிண்டர் சொல்கிறார். நாற்றம் போக இப்போது மின்விசிறியைப் போட்டு வைக்கலாமா?

பாளைச் சித்தப்பா, 6:48
அக்கா, தயவுசெய்து விசிறியைப் போடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தே வையுங்கள். எலக்ட்ரீசியன் வந்து வயரிங்கைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம். இறக்கையின் மேல் படிந்திருக்கும் கரி, விசிறி சுற்றியதும் தப்பித்த அறைகளுக்கும் போய்விடும். கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும். ஆச்சிக்கு இளைப்பு இருப்பதால், வேலை முடியும்வரை அவர்களை அம்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

அம்பை மதினி, 6:55
ஆச்சியை அழைத்து வர நானே புறப்படுகிறேன், அத்தை. உடுமாற்றுக்குச் சேலை எதுவும் எடுக்க வேண்டாம், இங்கே இருக்கிறது.

பாளைச் சித்தப்பா, 7:10
இப்போது சுவரைப் பற்றிச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். தண்ணீரை முதலில் கொண்டுபோகவே கூடாது. புகைக்கரி என்பது வெறும் தூசி அன்று. மிக நுண்ணிய கரித்துகளோடு எண்ணெய்ப்பசையும் சேர்ந்தது. நம் வீட்டின் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் நீரை உறிஞ்சும் சுவர் என்பதால், ஈரத்துணி பட்டவுடன் மேலே நிற்கும் கரி நீரோடு சேர்ந்து காரைக்குள் இறங்கிவிடும்; பிறகு எத்தனை முறை துடைத்தாலும் பழுப்புக் கறை நிற்கும். முதல் வேலை முழுக்க உலர்ந்த வேலையாகவே இருக்க வேண்டும். நுண்துகள் வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரை, சுவரில் தேய்க்காமல், சற்றே விலக்கிப் பிடித்து மேலிருந்து கீழாக உறிஞ்சுங்கள். அதன்பின், புகைக்கரி எடுப்பதற்கென்றே விற்கும் உலர்ந்த ரப்பர் பஞ்சால், ஒரே திசையில் நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பஞ்சின் முகம் கறுத்ததும் அந்தப் பகுதியைக் கத்தியால் சீவிவிட்டுத் தொடரலாம்.

கல்லிடை அத்தை, 7:16
பரணுக்குக் கீழே மூலையில் கறுப்பாக ஒட்டடை தொங்குகிறது. தீபாவளிக்குத்தான் அடித்தோம். அதை மட்டுமாவது துடைப்பத்தால் தட்டிவிடலாமா?

பாளைச் சித்தப்பா, 7:21
அது ஒட்டடை அன்று, அக்கா. பிளாஸ்டிக் எரிந்த புகையில் வரும் கரியே இழை இழையாகச் சேர்ந்து மூலைகளில் தொங்கும். துடைப்பம் பட்டால் சுவரில் மை தீற்றியதுபோல் ஆகிவிடும். அதையும் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் என்-95 முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும்.

சென்னை அண்ணன், 7:30
அத்தை, ஒரு துணியைத் தொடுவதற்கு முன் எல்லா அறைகளையும், எரிந்த பொருள்கள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்குப் படங்களும் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையும் தேவைப்படும். எரிந்த ஃபிரிட்ஜை இப்போதே பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

அம்பை மதினி, 7:42
பித்தளைப் பாத்திரங்களை இன்றே கழுவச் சொல்லுங்கள், மாமா. வயரின் உறை எரிந்த புகையில் அமிலம் இருக்கும் என்று படித்திருக்கிறேன்.

பாளைச் சித்தப்பா, 7:50
மருமகள் சொல்வது மிகச் சரி. வயர் உறையில் இருக்கும் பிவிசி என்ற பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சாரல் காற்று வீசும் இந்த நேரத்தில் தாமதித்தால் குத்துவிளக்கும் கதவுக் குமிழும் அரிக்கத் தொடங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக உடனே துடைத்துவிடுங்கள். புளி போட்டுத் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லிடை அத்தை, 8:05
சம்படத்தில் அரிசி இருக்கிறது. விற்பனைக்குக் கட்டி வைத்த அப்பளமும் இருக்கிறது. அப்பளம் பாலிதீன் உறைக்குள்தான் இருக்கிறது. பத்தமடைப் பாயிலும் புகை நாற்றம் அடிக்கிறது.

அம்பை மதினி, 8:12
அப்பளத்தை விற்கவும் வேண்டாம், வீட்டில் பொரிக்கவும் வேண்டாம், அத்தை. பாலிதீன் உறையைப் புகை ஊடுருவிவிடும். எத்தனை பேருடைய உழைப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன், மனசு கேட்கவில்லை. அடுக்களையில் இருந்த அரிசி, ஃபிரிட்ஜில் இருந்தவை, ஆச்சியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, மாத்திரையைப் புதிதாக வாங்கிவிடுவோம். பாயை வெளியே கொண்டுபோய்க் கரியை உறிஞ்சி எடுத்தபின், நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். நாற்றத்துக்காகச் சாம்பிராணி போட வேண்டாம், அதுவும் புகைதான்.

கல்லிடை அத்தை, 8:20
அப்படியே செய்கிறேன். பெயிண்டருக்கு என்ன பதில் சொல்ல?

பாளைச் சித்தப்பா, 8:34
வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கறையின் மேல் நேராகச் சுண்ணாம்போ தண்ணீர்ப் பெயிண்டோ அடித்தால், சில நாட்களில் பழுப்பு மேலே கசிந்து வந்துவிடும், நாற்றமும் திரும்பும். பட்டாசலில் எனாமல் அடித்த பகுதியை மட்டும், உலர் வேலை முடிந்தபின், சலவைச் சோடா கரைத்த நீரால் கீழிருந்து மேலாகக் கழுவலாம். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கீழே கோடுகளாகக் கறை பிடிக்கும். அது காய்ந்ததும், கறையைத் தடுக்கும் எண்ணெய் பிரைமர் ஒரு பூச்சு அடித்த பிறகே பெயிண்ட். அடுக்களைக் காரைச் சுவருக்கு அந்த பிரைமர் என் மனசுக்கு ஒப்பவில்லை. அதை அடித்தால் அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விடாமல் உப்பிவிடும் என்பதால், கறை ஆழமாக இறங்கிய இடத்தில் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூசுவதே நல்லது. எனக்குத் தெரிந்த கொத்தனாரையும், தீயில் அடுக்களை உத்திரம் பலவீனப்பட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கத் தச்சாசாரியையும் மதியம் அழைத்து வருகிறேன். அதுவரை யாரும் அந்த உத்திரத்துக்குக் கீழே நிற்க வேண்டாம்.

சென்னை அண்ணன், 8:41
வேக்குவம் கிளீனரையும் ரப்பர் பஞ்சையும் திருநெல்வேலியில் கேட்டுப் பார்க்கிறேன், சித்தப்பா. அங்கே கிடைக்காவிட்டால் இன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் நானே கொண்டு வருகிறேன்.