பெர்க்லி சேர்க்கைத் தரவு: கை வர்க்கச் சோதனையில் சுழியம் வருவது ஏன்?

கேள்வி (சமூகவியல் முதுகலை மாணவி)

வணக்கம். எங்கள் ஆய்வு முறையியல் தாளுக்கான புள்ளியியல் பயிற்சியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு நடந்த பட்டமேற்படிப்புச் சேர்க்கையின் தரவைக் கொடுத்து, பாலினத்துக்கும் இடம் கிடைப்பதற்கும் தொடர்பு உண்டா எனச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிகப் பெரிய ஆறு துறைகளின் தரவு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே இருப்பதால், அதை டேட்டா ஃபிரேமாக (வரிசைகளும் நிரல்களும் கொண்ட தரவு அட்டவணையாக) மாற்றி, டேபிள் கட்டளையால் குறுக்கு அட்டவணை போட்டேன். நான்கு கட்டங்களிலும் 6 என்றே வருகிறது. கை வர்க்க மதிப்பு (தொடர்பே இல்லை என்றால் வர வேண்டிய எண்ணிக்கையிலிருந்து கண்ட எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 0, பி மதிப்பு (தொடர்பு இல்லாதபோதும் அவ்வளவு விலகலாவது தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 1. உடன் படிப்பவர் எஸ்பிஎஸ்எஸ் என்ற வேறொரு புள்ளியியல் மென்பொருளில் செய்தபோது அவருக்கு 92.2 வந்திருக்கிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நீங்கள் மாற்றிய டேட்டா ஃபிரேமில் எத்தனை வரிசைகள் உள்ளன என்று பாருங்கள், 24தான் இருக்கும். சேர்க்கை முடிவு இரண்டு, பாலினம் இரண்டு, துறை ஆறு என்று இம்மூன்றும் இணையும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை வீதம் அமைந்த சுருக்கத் தரவு அது. அந்த வகையில் எத்தனை பேர் என்பது ஃபிரீக் என்ற தனி நிரலில் இருக்கிறது. டேபிள் கட்டளை அந்த நிரலைப் பார்க்காமல் வரிசைகளை மட்டும் எண்ணுவதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு துறைகளின் ஆறு வரிசைகள் விழுகின்றன. எக்ஸ்டேப்ஸ் கட்டளையில் ஃபிரீக் நிரலை இடப்பக்கம் கொடுத்தால் சரியான அட்டவணை கிடைக்கும்: ஆண்களில் 1,198 பேருக்கு இடம் கிடைத்தது, 1,493 பேருக்குக் கிடைக்கவில்லை, பெண்களில் 557 பேருக்குக் கிடைத்தது, 1,278 பேருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது சோதித்தால் உங்களுக்கு 91.6 வரும், அதைக் கண்டு மறுபடியும் குழம்ப வேண்டாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தத்தை (கை வர்க்க மதிப்பைச் சற்றுக் குறைக்கும் ஒரு சரிக்கட்டலை) போட்டுவிடும். திருத்தம் இல்லாத மதிப்புதான் உங்கள் நண்பருடைய 92.2. எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் வெயிட் கேசஸ் பகுதியில் எண்ணிக்கை நிரலைக் குறிப்பிடாவிட்டால் உங்களுக்கு வந்த அதே சுழியம்தான் வரும்.

மறுமொழி 2 (புள்ளியியல் கற்பிப்பவர்)

கட்டளை சரியாகிவிட்டது என்று இத்துடன் நிறுத்திவிடாதீர்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆண்களில் 44.5 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 30.4 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது என்பதைக் கொண்டு, தேர்வுக் குழுக்கள் பெண்களை ஒதுக்கின என்று எழுதிவிட முடியாது. துறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெயர் மறைத்து ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் குறிக்கப்பட்ட அந்த ஆறு துறைகளுள் நான்கில் பெண்களின் விழுக்காடுதான் கூடுதல். ஏ துறையில் ஆண்கள் 62 விழுக்காடு, பெண்கள் 82 விழுக்காடு. சி, இ ஆகிய இரண்டில் மட்டும் பெண்கள் சற்றுப் பின்தங்குகிறார்கள்.

விண்ணப்பித்தோரில் மூவருள் இருவர்க்கு அருகில் இடம் கிடைத்த ஏ, பி துறைகளுக்கு ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் (2,691 பேரில் 1,385) விண்ணப்பித்தனர். பெண்களிலோ 1,835 பேரில் 133 பேர்தான். மற்றவர்கள் இடம் கிடைப்பது அரிதான துறைகளை நாடினர். எஃப் துறையில் இருபாலாருக்குமே ஆறேழு விழுக்காடுதான். மொத்தத்தில் தெரியும் போக்கு, பிரிவுகளாகப் பிரித்தால் மறைவதோ தலைகீழாவதோ உண்டு; சிம்சன் முரண் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். பிக்கெல், ஹேமல், ஓ'கானல் ஆகிய மூவரும் இந்தச் சேர்க்கையை ஆராய்ந்து 1975இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்.

இதற்கு மேல் சமூகவியல் மாணவியான நீங்கள்தான் யோசிக்க வேண்டும். துறையைக் கட்டுப்படுத்தி, அதாவது ஒரே துறைக்குள் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே துறைக்கு விண்ணப்பித்த ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்பட்டார்களா என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நாடினார்கள், பள்ளிக் காலத்திலேயே எந்த வழிகள் அவர்களுக்கு அடைபட்டன என்ற கேள்வி அப்படியே நிற்கும். உங்கள் ஆய்வுக் கேள்வி இவ்விரண்டில் எது என்பதை முதலில் எழுதிவிட்டு, அதன்பின் சோதனையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டவணை சரியாக வந்துவிட்டது. ஆறு துறைகளையும் சேர்த்து மேன்டல்–ஹேன்சல் சோதனை (துறைவாரி அட்டவணைகளை ஒன்றிணைத்துச் சோதிக்கும் முறை) செய்தபோது பொது ஆட்ஸ் விகிதம் (இடம் கிடைத்தோரைக் கிடைக்காதோரால் வகுத்து வரும் ஆட்ஸை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒப்பிடும் விகிதம்) 0.90 என்றும், பி மதிப்பு 0.05ஐ விட நன்றாகவே கூடுதலாகவும் வந்தது. இதை மட்டும் அறிக்கையில் எழுதினால் போதுமா? பி துறையில் இடம் கிடைக்காத பெண்கள் 8 பேர்தான் என்பதால், அங்கே கை வர்க்கச் சோதனை செல்லுமா என்ற ஐயமும் இருக்கிறது.

மறுமொழி 2 (புள்ளியியல் கற்பிப்பவர்)

போதாது. ஆட்ஸ் விகிதம் எல்லாத் துறைகளிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் பொது விகிதம் என்ற ஒற்றை எண்ணுக்குப் பொருள் உண்டு. பெண்களை ஒப்பிட ஆண்களுக்கு இடம் கிடைப்பதற்கான ஆட்ஸ் விகிதம் ஏ துறையில் 0.35 மட்டுமே, மற்ற ஐந்திலும் அது 1ஐ ஒட்டியே நிற்கிறது. ஆகவே ஏ துறையைத் தனியாக எடுத்து, அதன் கை வர்க்க மதிப்பு (யேட்ஸ் திருத்தம் இன்றி 17.25) பெண்களுக்குச் சாதகமான வேறுபாட்டைக் காட்டுகிறது என்று எழுதுங்கள். பிற துறைகளை அதன் கீழே ஒரே அட்டவணையில் தந்துவிடலாம்.

பி துறையைப் பற்றிய ஐயத்துக்கு விடை எளிது. 5க்குக் குறையக் கூடாது என்ற விதி எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணுக்கு (தொடர்பே இல்லை என்றால் ஒரு கட்டத்தில் வர வேண்டிய எண்ணிக்கைக்கு) உரியது. கண்ட நிகழ்வெண்ணுக்கு அன்று. அங்கே விண்ணப்பித்த 585 பேரில் 215 பேருக்கு இடம் கிடைக்கவில்லை. பெண்கள் 25 பேர். 25ஐ 215ஆல் பெருக்கி 585ஆல் வகுத்தால் 9.2 வருகிறது. சோதனை தாராளமாகச் செல்லும்.