14 நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்: ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் உதவுங்கள்

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து இன்னும் மூன்று மாதம்கூட நிறையவில்லை. நேற்று மாலை வீட்டுக்காரர் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, 14 நாளுக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டின் நிலையும் மோசமாக இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. காலையில் படுக்கையறைச் சன்னலில் வழியும் தண்ணீரைத் துண்டால் துடைத்துப் பிழிந்தால் ஒரு தம்ளர் நிறைகிறது. ஹீட்டரில் சூடே வருவதில்லை, ஆனால் மீட்டரில் போடும் பணம் மட்டும் கரைகிறது. மகளுக்கு மூன்று வாரமாக இருமல். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், வம்பு வேண்டாம், பேசாமல் காலி செய்துவிடு, இல்லாவிட்டால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்கிறார். மனைவி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மழையில் குழந்தையோடு எங்கே போவோம்?

டன்ஃபெர்ம்லின் அக்கா:
தம்பி, முதலில் பதற வேண்டாம். 2006 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து இறங்கியபோது எனக்கும் இதே நிலைதான். கொழும்பில் வாங்கிய தடித்த பருத்திச் சட்டைகள் போதும் என்று நம்பி வந்தேன். முதல் மாதத்திலேயே சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. மகளுக்கு உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்று போடுங்கள், அதன் மேல் மற்றவற்றைப் போடுங்கள். ஹீட்டரை நாள் முழுவதும் குறைந்த அளவில் எரிய விடுங்கள், சுவர் சூடாக இருந்தால் பூஞ்சை பிடிக்காது. துவைத்த துணிகளைப் படுக்கையறையில் காயப் போடாதீர்கள். நான் இரண்டு குளிர்காலம் அப்படிச் செய்துதான் சுவரைக் கெடுத்தேன்.

ஹேரோவாசி:
சட்டப்படி வீட்டுக்காரர் முறையான அவகாசம் கொடுத்தாக வேண்டும். முன்பணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீடு கொடுப்பதற்கு முன் உங்கள் விசாவைச் சரிபார்ப்பதும் அவர் கடமை. அதைச் செய்யவில்லை என்றால் அவருக்குத்தான் அபராதம், ஆகவே அதையே சொல்லி அவரை மிரட்டலாம்.

அபர்தீன் மதுரைக்காரர்:
அக்கா சொன்னதை மறுப்பதற்கு மன்னிக்க வேண்டும். நாள் முழுவதும் ஹீட்டரை எரியவிட்டால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். என் முதல் குளிர்காலத்தில், ஒரே அறையில் மூன்று பேர் தங்கியிருந்தபோது, அப்படித்தான் சமாளித்தோம். குளிரைவிட இருட்டுதான் என்னை வாட்டியது. டிசம்பரில் இங்கே மாலை மூன்றரை மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. எதற்கு இந்தப் பிழைப்பு என்று அழுத நாட்கள் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது என்று அரசே அறிவுறுத்துகிறது. வந்தவுடனே அதைத் தொடங்குங்கள்.

கிளென்ராதஸ் செவிலி:
சகோதரரே, சில விவரங்கள் தெரியாமல் எவராலும் சரியான பதில் சொல்ல முடியாது. எந்த ஊர்? வீட்டுக்காரரும் அதே வீட்டில் உங்களோடு குடியிருக்கிறாரா? இதைப் பொறுத்துத்தான் சட்டமே மாறும். ஒப்பந்தம் எழுதினீர்களா? முன்பணம் எவ்வளவு, எப்படிக் கொடுத்தீர்கள்? மகளுக்கு என்ன வயது, ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிந்தாயிற்றா? சுவரில் இருக்கும் ஹீட்டர் எப்படிப்பட்டது?

புதுவரவு:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஊர் கிர்காடி, கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடி. வீட்டுக்காரர் டண்டீயில் இருக்கிறார். ஒப்பந்தம் எழுதவில்லை, பேச்சு மட்டும்தான். முன்பணமாக மூன்று மாத வாடகையை வங்கி வழியாக அனுப்பினேன். மனைவி செவிலியர், அவர் விசாவில்தான் நாங்கள் வந்தோம். மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. முகவரிச் சான்று இல்லாததால் ஜி.பி.யிடம் இன்னும் பதியவில்லை. ஹீட்டர் கனமான ஒரு பெட்டி, மேலே இரண்டு திருகுகள் இருக்கின்றன. பாதுகாப்புக்காக இரவில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

கடலோரத் தெரு:
கிர்காடியா! ஆங்கில எழுத்தில் (Kirkcaldy) இருக்கும் 'ல்' பேச்சில் வராது என்பதை நான் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. ரயில் நிலையத்தில் நான் சொன்ன பெயர் எவருக்கும் புரியவில்லை. ஒன்பது ஆண்டாக இங்கே இருக்கிறேன். நீண்ட ஊர் என்று பெயர் பெற்ற இந்த ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூடியதைப் பார்த்து வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1723-ல் பிறந்த ஊரில், ஒரு சட்டை வாங்க எடின்பரோவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஊரை வெறுத்துவிடாதீர்கள். 1304-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் லிங்க்ஸ் மார்க்கெட் திருவிழா ஏப்ரலில் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே நடக்கும், மகளை ராட்டினத்தில் ஏற்றலாம். 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஸ்காட்ரெயிலில் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்; எடின்பரோவில் வேலை தேடினாலும் போய் வரலாம்.

அபர்தீன் மதுரைக்காரர்:
கடைகள் இருக்கட்டும், மருத்துவரைப் பார்ப்பது எவ்வளவு பாடு! காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் நின்று, முறை வரும்போது இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஊரில் என்றால் மாலையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

டன்ஃபெர்ம்லின் அக்கா:
அது உண்மைதான். ஆனால் 2011-லிருந்து இங்கே மருந்துச் சீட்டுக்குக் காசு இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். இங்கே குடியிருக்கும் எனக்குக் கண் பரிசோதனைக்கும் ஒரு பென்ஸ்கூடக் கேட்கவில்லை.

ஹேரோவாசி:
இவ்வளவு சிரமம் எதற்கு? குடும்பத்தோடு லண்டன் பக்கம் வந்துவிடுங்கள், நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கிளென்ராதஸ் செவிலி:
அவருக்கு இருப்பது 14 நாள். அதற்குள் உதவுவதைப் பேசுவோம்.

சகோதரரே, ஹேரோவில் இருக்கும் அண்ணா நல்ல மனதோடு சொன்னது இங்கிலாந்துச் சட்டம். விசா சரிபார்க்கும் விதியும் ஐந்து வார வரம்பும் இங்கே கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் உங்களோடு குடியிருக்காததால், 2017 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் நடப்பில் இருக்கும் பிரைவேட் ரெசிடென்ஷியல் டெனன்சி என்ற பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அது செல்லும். எழுதிக் கொடுக்க வேண்டியது அவருடைய கடமை. காலி செய்யச் சொல்வதற்கு நோட்டீஸ் டு லீவ் என்ற குறிப்பிட்ட படிவம் இருக்கிறது, அதில் சட்டம் ஏற்கும் காரணம் ஒன்றை அவர் காட்ட வேண்டும், குடிவந்து ஆறு மாதம் முடியாதவர்களுக்கும் 28 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் நீங்கள் போகவில்லை என்றால் அவர் வீட்டு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் உத்தரவு வாங்கினால்தான் வெளியேற்ற முடியும். குறுஞ்செய்தியில் சொன்ன 14 நாளுக்கு மதிப்பே இல்லை. ஆகவே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், வாடகையையும் நிறுத்திவிடாதீர்கள், தேதி தவறாமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். அவர் பூட்டை மாற்றினாலோ பொருட்களை வெளியே வைத்தாலோ அது குற்றம். உடனே 101-ஐ அழைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கவே கூடாது. வாங்கிய பணத்தையும் 30 வேலை நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட காப்பு அமைப்பில் போட்டிருக்க வேண்டும். சேஃப்டெபாசிட்ஸ் ஸ்காட்லாந்து, லெட்டிங் புரொடெக்‌ஷன் சர்வீஸ் ஸ்காட்லாந்து, மைடெபாசிட்ஸ் ஸ்காட்லாந்து என்று மூன்று இருக்கின்றன. மூன்றிலும் உங்கள் முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். எதிலும் இல்லை என்றால், முன்பணத்தைப் போல மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். வீட்டை விட்டுப் போன பிறகு மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. தீர்ப்பாயத்துக்குப் போவதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. தீர்ப்பாயம், மருத்துவம், பள்ளி எதுவும் உங்கள் விசா தடுக்கும் அரசு உதவித்தொகைகளில் சேராது. வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் ஸ்காட்லாந்து தொண்டு அமைப்பையோ, நம் வட்டாரமான ஃபைஃபில் இருக்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை மையத்தையோ நாளைக்கே அழையுங்கள், கடிதம் எழுதவும் உதவுவார்கள்.

ஹீட்டரைப் பற்றிச் சொன்ன இருவரும் கேஸ் பாய்லரை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது ஸ்டோரேஜ் ஹீட்டர். அதன் உள்ளே இருக்கும் கற்கள் இரவில், மலிவு விலை மின்சாரத்தில் சூடேறி, பகலில் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். நீங்கள் இரவில் சுவிட்சை அணைப்பதால் கற்கள் சூடேறவே வழியில்லாமல் போகிறது. பகலில் வேறு ஹீட்டரைப் போட்டால் முழு விலை கொடுக்கிறீர்கள். இன்றிரவு சுவிட்சை அணைக்காதீர்கள். சூட்டைச் சேமிக்கும் இன்புட் என்று எழுதிய திருகைக் கூட்டி வையுங்கள், சூட்டை வெளியே விடும் அவுட்புட்டை இரவில் குறைத்து மாலையில் கூட்டுங்கள். உங்கள் மீட்டரில் இரவுக் கட்டணம் தனியாக உண்டா என்று மின் நிறுவனத்திடம் கட்டாயம் கேளுங்கள், இல்லை என்றால் இந்த வழி பயன் தராது. பூஞ்சையைத் துடைக்கும் முன் தேதியோடு படம் எடுத்து, பழுது பார்க்கும்படி வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்.

ஜி.பி.யிடம் பதிய முகவரிச் சான்று தேவையில்லை, வரவேற்பில் மறுத்தால் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். மூன்று வார இருமலை மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். அதுவரை மருந்துக்கடையில் ஃபார்மசி ஃபர்ஸ்ட் என்று கேட்டால் மருந்தாளுநர் பார்ப்பார், காசில்லை. இரவில் மூச்சு வாங்கினால் 111, மூச்சு விடவே திணறினால் 999. நான்கு வயதுக் குழந்தைக்கு ஆண்டுக்கு 1140 மணி நேரம் இலவச நர்சரியும் உண்டு. சூடான அறையில் பகல் கழியும்.

புதுவரவு:
கிளென்ராதஸ் அக்கா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றிரவு சுவிட்சை அணைக்கவில்லை. காலையில் பெட்டியின் மேல் கை வைத்தபோது அடுப்பங்கரைத் திண்ணை போல இதமாக இருந்தது. மகள் தன் காலுறைகளைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மீட்டரில் இரண்டு கட்டணம் இருப்பதை மின் நிறுவனம் உறுதி செய்தது. மூன்று காப்பு அமைப்புகளிலும் எங்கள் முகவரிக்குப் பணம் வரவில்லை என்றார்கள். ஆலோசகரோடு வியாழக்கிழமை சந்திப்பு. வீட்டுக்காரருக்கு, நோட்டீஸ் டு லீவ் படிவம் வராமல் காலி செய்ய மாட்டோம் என்று பணிவாக எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. மருந்தாளுநர் மகளைப் பார்த்துவிட்டு, ஜி.பி.யிடம் இந்த வாரமே காட்டச் சொன்னார். இன்று பதிந்துவிட்டோம், நாளை மறுநாள் நேரம் கிடைத்திருக்கிறது.

டன்ஃபெர்ம்லின் அக்கா:
தம்பி, என் பிள்ளைகளின் சின்ன வயதுக் கம்பளிச் சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, எல்லாம் துவைத்து மடித்தவை. சனிக்கிழமை காலை ரயிலில் கொண்டுவருகிறேன். பதினொரு மணிக்கு நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நூலகத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மனைவிக்குக் கொஞ்சம் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வருகிறேன்.