கைப்பேசி இல்லாமல் கொல்லிமலையில் தனியாக இரண்டு நாள்: சரியா, தப்பா?

நடைப்பிரியன்:
போன மாதம் ஒரு சனி, ஞாயிறு. கைப்பேசியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, முதுகுப்பையோடு தனியாகக் கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். செம்மேட்டில் இறங்கி அறப்பளீசுவரர் கோயில் வரை நடை. காட்டுக்குள் நுழையவில்லை, ஊர்ச் சாலையிலேயேதான் நடந்தேன். முதல் மூன்று மணி நேரம் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் அது நின்றுவிட்டது.

சாயங்காலம் கோயில் பக்கத்து ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டேன். ஒரு மீன் மட்டும் கூட்டத்தில் சேராமல் பாறையை ஒட்டியே நின்றது. தண்ணீர் அதன் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் பொரியை மட்டும் வாயைத் திறந்து வாங்கியது. அதையே இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கைப்பேசி இருந்திருந்தால் இரண்டு படம் எடுத்துவிட்டு எழுந்திருப்பேன்.

அடுத்த முறை புளியஞ்சோலைப் பக்கமிருந்து ஏற ஆசை. அக்கா விடமாட்டேன் என்கிறாள். இதில் என்ன தப்பு?

போடிக்காரர்:
தம்பி, உங்கள் அக்கா சொல்வதுதான் சரி. நான் போடிநாயக்கனூர். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேறப் போயிருந்த கூட்டம் அதில் மாட்டிக்கொண்டது. உள்ளூர் ஜனங்கள் இருட்டில் மேலே ஏறி, போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஹெலிகாப்டர் மறுநாள்தான் வேலை செய்ய முடிந்தது. மொத்தம் 23 உயிர் போனது. கூட்டமாகப் போனவர்களுக்கே அந்த நிலைமை. நீங்கள் ஒற்றை ஆள். விழுந்து கிடந்தால் எந்தப் பக்கம் என்று தேடுவது?

இன்னொன்று. புளியஞ்சோலையிலிருந்து மேலே போவது காட்டு வழி. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே நம் மாநிலத்தில் விதிகள் வந்துவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலை வைக்காதீர்கள்.

நடைப்பிரியன்:
அனுமதி விஷயம் சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். புளியஞ்சோலையை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் குரங்கணிக்குப் போனவர்களிடம் கைப்பேசி இருந்ததே! காய்ந்த புல்லிலும் காற்றிலும் பரவிய தீயை அது தடுக்கவில்லை.

2003-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் பாறையில் கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்தார். கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் செய்த பெரிய பிழை, எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பியது. நான் அக்காவிடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். எந்த விடுதி, எந்தச் சாலை, ஞாயிறு இரவு 9 மணிக்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

வெண்தாமரை:
நான் செவிலியர். அந்தத் தாள் ஞாயிறு இரவுதான் பேசும். சனிக்கிழமை காலையிலேயே கண்ணாடி விரியன் கடித்தால் அதுவரை என்ன செய்வீர்கள்? அந்த விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. 108-க்கு ஒரு அழைப்பு போதும் என்கிற இடத்தில், கடிபட்டவரை ஆட்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. படம் எடுக்காதீர்கள், செய்தி பார்க்காதீர்கள், அதெல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் கருவி பையில் இருக்கட்டும்.

பழைய பயணி:
செவிலியர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 1990-களில் நாங்களும் கைப்பேசி இல்லாமல்தான் மலை மலையாகச் சுற்றினோம். ஆனால் அப்போது ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அப்புறம் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் பெட்டி வந்தது. இன்று அதெல்லாம் எங்கே? அந்தக் காலத்து ஆளைவிட, இன்று கைப்பேசி இல்லாமல் கிளம்புகிறவர்தான் அதிகம் தனித்துப் போகிறார். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மலைக்காற்று:
சிக்னல் இல்லாத இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளலாமே?

போடிக்காரர்:
இந்தியாவில் அதற்கு அரசு அனுமதி வேண்டும். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். வாங்கிவிடாதீர்கள். அதற்குப் பதில் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டுங்கள். நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மலையேறுபவர்கள் மத்தியில் ஆபத்துக்கான அடையாளம் அது.

கார்முகில்:
நானும் தனியாக நடக்கிறவள்தான். பெண் என்பதால் வெறுங்கையோடு கிளம்பு என்று யாரும் எனக்கு யோசனை சொல்ல மாட்டார்கள், நானும் போக மாட்டேன். ஆனால் நடைப்பிரியன் சொல்லும் அந்த மதியத்துக்கு மேல் வரும் அமைதி எனக்கு நன்றாகத் தெரியும், அதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அதனால் பழைய பட்டன் போன் ஒன்றை அணைத்து, அம்மாவின் கைக்குட்டையில் சுற்றி, நூலால் இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டுப் பையின் அடியில் வைப்பேன். சும்மா ஒருமுறை பார்ப்போமே என்று கை போனால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதற்குள் புத்தி வந்துவிடும். ஆறு பயணத்தில் ஒருமுறைதான் அவிழ்த்தேன், கணுக்கால் பிசகிய அன்று.

நடைப்பிரியன்:
முடிச்சு நல்ல யோசனை சகோதரி. ஆனால் என் மனது வேறு மாதிரி. அடியில் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், வீட்டில் என்னவோ, அலுவலகத்தில் என்னவோ என்று நினைப்பு அங்கேயே போய் நிற்கும். எனக்கு அது வீட்டிலேயே இருந்தால்தான் நான் மலையில் இருப்பேன். இதில் நான் மாறப்போவதில்லை.

செவிலியர் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அதைப் படித்துவிட்டு அக்காவிடம் பேசினேன். தாளில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறாள்: சனிக்கிழமை மதியம் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஏதாவது ஒரு கடைக்காரரின் போனிலிருந்து அவளைக் கூப்பிட வேண்டும். ஒரு அழைப்பு தவறினாலும் அவள் ஆள் அனுப்பிவிடுவாளாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போடிக்காரர்:
யோசிக்க இதில் ஒன்றுமில்லை தம்பி. அக்கா நம்பரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு கிளம்புங்கள்.