விட்பி குன்றும் 199 படிகளும்

குழு: பெரிய வீடு

யாழினி: (படம்) பெட்டிக்குள் செய்யும் டிராகுலா மாடல், இதுவரை.

சுதா அத்தை: அழகாக இருக்கிறது கண்ணு. கோட்டை எங்கே? வௌவால்?

யாழினி: கோட்டை இல்லை அத்தை. இது இங்கிலாந்தில் இருக்கிற விட்பி. நாவலில் அந்தக் கப்பல் கரை தட்டுமே, அந்த ஊர். அதை எழுதிய பிராம் ஸ்டோக்கர், டிராகுலா கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. விட்பியில் 1890இல் தங்கியிருந்தார். படித்தாலே தெரியும், நேரில் நடந்து பார்த்தவர் எழுத்து.

பெரியப்பா: குன்றின் மேல் இருக்கும் மடாலயத்துக்கு நடுக்கோபுரம் இருந்ததாகப் படித்தேன். காணோமே?

யாழினி: அது 1830இலேயே விழுந்துவிட்டது பெரியப்பா. மேற்கு முகப்பு அடிபட்டது 1914 டிசம்பரில், ஜெர்மன் கப்பல்கள் சுட்ட குண்டில். கதை இரண்டுக்கும் நடுவில். அதனால் இன்றைய படங்களை விட்டுவிட்டு, சட்கிளிஃப் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் அந்தக் காலத்தில் எடுத்த படங்களை வைத்துச் செய்கிறேன்.

கார்த்தி அண்ணன்: குன்றேறும் 199 படியும் இருக்கிறதா, இல்லை டபாய்த்துவிட்டாயா?

யாழினி: எண்ணிப் பார் அண்ணா. அளவு 1:150. நிஜப் படி சுமார் 15 செமீ என்று வைத்தால் இங்கே 1 மிமீ. 1 மிமீ அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டியது.

அம்மா: வெட்டியது எல்லாம் ஹாலில்தான் கிடக்கிறது. கூட்டிக் கூட்டி இடுப்பு போகிறது.

சுதா அத்தை: கொலுவுக்கு ஒன்பது படி கட்டவே உன் மாமா முனகுவார் 😂

பெரியப்பா: பாறை எதில்?

யாழினி: தெர்மாகோல் அடுக்கு. ஸ்பிரே பெயின்டை நேராக அடித்தால் தெர்மாகோல் கரைந்துவிடும். அதனால் மேலே டிஷ்யூ பேப்பரை பெவிகாலில் ஒட்டி, காய்ந்த பிறகு அக்ரிலிக். புல்லுக்குப் பழைய டீத்தூளில் பச்சை கலந்தேன்.

அம்மா: எது பழையது? பாதி புதுப் பாக்கெட்!

கார்த்தி அண்ணன்: சரி, டிராகுலா எங்கே? பெஞ்சில் வெள்ளையாக ஒரு புள்ளி, பின்னால் கறுப்பாக என்னவோ.

யாழினி: அந்த என்னவோதான். நாவலில் லூசி என்ற பெண் தூக்கத்தில் நடந்து, குன்றின் மேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அவள் தோழி மினா எதிர்க்கரை மேற்குக் குன்றிலிருந்து பார்ப்பாள். பெஞ்சில் இருக்கும் லூசி மேல் கறுப்பாக ஏதோ குனிந்திருக்கும், மனிதனா மிருகமா என்று புரியாது. நம் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்தான் மினா. அதனால் மேற்குக் குன்றைச் செய்யவே இல்லை.

கார்த்தி அண்ணன்: சிவப்புக் கண் நாவலிலேயே வருகிறதே. எல்ஈடி வை, மிரட்டும்.

யாழினி: வருகிறது. ஆனால் அது மினா படியேறி மேலே போய், லூசியைக் கூப்பிட்ட பிறகு. இவ்வளவு தூரத்திலிருந்து இல்லை. கணக்கும் உதைக்கிறது. 0.25 மிமீ ஒளி இழை வைத்தாலும் நிஜ அளவில் கிட்டத்தட்ட 4 செமீ கண். முட்டைக்கண் டிராகுலா பரவாயில்லையா?

சுதா அத்தை: 😂😂 எனக்குப் பரவாயில்லை

யாழினி: பயம் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன். அன்று முழு நிலா, மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். மேக நிழலில் தேவாலயம் மறைந்து மறைந்து தெரியும். ஒரு ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வட்டமாக வெட்டி, மேகம் வரைந்து, வெள்ளை எல்ஈடி முன்னால் சுழலவிடப் போகிறேன். நிழல் விலகினால்தான் பெஞ்சு கண்ணில் படும். இப்போது மோட்டார்தான் பிரச்சினை. பொம்மைக் கார் மோட்டார் மின்விசிறி மாதிரி ஓடுகிறது.

பெரியப்பா: பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று பரணில் இருக்கிறது. நொடி முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்த வேகம் போதுமா?

யாழினி: அருமை பெரியப்பா! ஷீட் லேசானதுதான். இழுக்கும் என்று நினைக்கிறேன். நாளைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா: அவர் வீட்டுக் கடிகாரம் மட்டும். நம் ஹால் கடிகாரத்தில் கை வைத்தால் தெரியும்.