செக்கர்ஸ் பலகைக்கு நிறம்: விடி220-இல் இரு தரப்புக் காயும் ஒன்றாகவே தெரிகிறது

கேள்வி: சி மொழியில், என்கர்சஸ் (டெர்மினல் திரையில் எழுத்துகளால் வரையும் நூலகம்) வைத்துச் செக்கர்ஸ் ஆட்டம் எழுதுகிறேன். இரு தரப்புக்கும் 'ஓ' எழுத்துதான். ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. எக்ஸ்டெர்மில் (கணினியின் டெர்மினல் சாளரம்) சரி. விடி220 என்ற பழைய டெர்மினல் கருவியில் எது யாருடையது என்றே தெரியவில்லை. எக்ஸ்டெர்மிலும் என் வெளிர் பின்னணி கறுப்பாகிவிடுகிறது.

பதில் 1: விடி220 ஒற்றை நிறத் திரை. அங்கே ஹேஸ்_கலர்ஸ்() 'இல்லை' என்று சொல்லும், கலர்_பேர் (எழுத்து-பின்னணி நிற ஜோடி) எதுவும் எடுபடாது. நிறத்தை மட்டும் நம்பியதுதான் கோளாறு. ஒரு தரப்புக்கு 'ஓ', மறு தரப்புக்கு 'எக்ஸ்' வையுங்கள். ராஜாவுக்கு அதே எழுத்தின் பெரிய வடிவம். கறுப்புக் கட்டத்துக்கு ஏ_ரிவர்ஸ் (எழுத்து நிறமும் பின்னணி நிறமும் இடம் மாறும்) போதும். நிறம் இதற்கு மேல் ஒரு பூச்சுதான்.

பதில் 2: பின்னணிக்கு: ஸ்டார்ட்_கலர்() அழைத்த கையோடு யூஸ்_டிஃபால்ட்_கலர்ஸ்(), பிறகு நிற ஜோடியை அமைக்கும் இனிட்_பேரில் பின்னணியாக -1, அதாவது டெர்மினலின் சொந்த நிறம். ஜோடி எண் 1-இலிருந்து தொடங்குங்கள், 0 டெர்மினலுடையது. கறுப்பின் மேல் நீலம் வேண்டவே வேண்டாம், கண்ணுக்கே படாது.

பதில் 3: ஒவ்வொரு நகர்வுக்கும் கிளியர்() போடுகிறீர்களா? அது முழுத் திரையையும் மறுபடி அனுப்பும். 80×24 திரைக்கு 1920 எழுத்து. 9600 பாட் (விநாடிக்குச் சுமார் 960 எழுத்து) இணைப்பில் முழுதும் நிரம்பியிருந்தால் 2 விநாடி. இரேஸ்() போட்டால் மாறிய கட்டங்கள் மட்டுமே போகும்.

கேட்டவர்: ஆமாம், கிளியர்()தான். மாற்றியாயிற்று, மினுக்கலும் நின்றது.